கருவி ஒலித்தால் இயந்திரத்தை நிறுத்துவது யார்?

மத்திய அந்தமானை அடுத்துள்ள லாங் ஐலண்டில் ஒரு காலத்தில் ஒட்டுப்பலகை ஆலை இயங்கியது. அத்தொழிலின் ஆபத்துகள் எங்கும் ஒன்றே: தடியைச் சுழற்றி மெல்லிய ஏடாகச் சீவும் கத்தி, வெப்ப அழுத்தி, பசையிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு நெடி. இத்தகைய ஆலைகளுக்கு இன்று புதிய மருந்தொன்று விற்கப்படுகிறது. இணையத்தோடு பிணைந்த உணரிகளும் மணிக்கட்டுப் பட்டைகளும் வந்துவிட்டால், கத்தியருகே கை போகும்போதே எச்சரிக்கை எழும். வாயு கசிந்தால் தலைக்கவசம் அதிரும். விபத்து என்பதே பழங்கதையாகும் என்கிறார்கள் விற்பனையாளர்கள்.

கருவியின் மீது தொழிலாளி வர்க்கத்துக்குப் பகை ஏதுமில்லை. நச்சுவாயுவை முன்கூட்டியே உணர்த்தி ஓர் உயிரைக் காத்தாலும் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதை எங்கே பொருத்துவது, அது ஒலித்தபின் என்ன செய்வது என்பதை முடிவு செய்கிறவர் யார்?

2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி 12 பேரைக் கொன்றது. ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு கண்டறிந்தவை பாடமாகப் படிக்கத்தக்கவை. வெப்பமானி அந்தத் தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே இருந்தது. கொதிப்பு மேற்பகுதியில் வளர்ந்தது. குளிரூட்டும் அமைப்பு மாலையில் நிறுத்தப்படுவது வழக்கமாக இருந்தது. அபாயச் சங்கை ஒலிக்கச் செய்ய 36 இடங்களில் வசதி இருந்தும், எங்கிருந்தும் அது ஒலிக்கவில்லை. ஆலையில் கருவி இருந்தது, சங்கும் இருந்தது. செலவைக் கருதிய நிர்வாகத்தின் தீர்ப்பே இவற்றை ஆண்டது. 1984இல் போபாலிலும் விபத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது!

உடலில் அணியும் கருவிக்கு வருவோம். சண்டிகர், நாக்பூர் மாநகராட்சிகள் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டின. தொழிலாளி எந்தத் தெருவில், எத்தனை மணி நேரம் நின்றார் என்று அது சொல்லும். ஊதியம் பிடிக்கவும் உதவும். கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி நச்சுவாயுவில் மாண்டுபோகும் மனிதன் எதைச் சுவாசிக்கிறான் என்பதை அது அறியாது. அறியும்படி செய்யத் தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை, கேட்டவர்தாம் இல்லை. ஆலைக்குள் வரும் பட்டையும் இதே எசமானின் கையில்தான் இருக்கும். இன்று நாடித்துடிப்பு, நாளை கழிப்பறையில் கழித்த நிமிடங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41எச் பிரிவு, ஆபத்தான ஆலையில் உயிருக்கு அபாயம் நெருங்குவதாக அஞ்சும் தொழிலாளி நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது. தெரிவிக்கலாம், அவ்வளவே. நிர்வாகம் ‘திருப்தி’ அடைந்தால் நடவடிக்கை. இல்லையேல் ஆய்வாளரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பலேறி ஆய்வாளர் வரவேண்டிய லாங் ஐலண்ட் போன்ற தீவில் அந்தக் காத்திருப்பின் பொருளை விளக்கத் தேவையில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, ஆய்வாளரையே ‘ஆய்வாளர் மற்றும் உதவியாளர்’ ஆக்கிவிட்டது. மின்விசையுள்ள தொழிற்சாலை என்பதற்கான வரம்பையும் 10 தொழிலாளரிலிருந்து 20ஆக உயர்த்தியது. சிறு பட்டறைகள் பல இந்த வரையறைக்கு வெளியே போயின.  உணரிகளின் பெருமை பேசும் அரசு செய்த வேலை இது.

எனவே தொழிற்சங்கங்கள் கோரவேண்டியவை தெளிவானவை. கருவி காட்டும் அளவு வேலைத்தளத்தில் அனைவரும் காணும் பலகையில் தெரியவேண்டும்; பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அமரவேண்டும். ஒருவர் உடலிலிருந்து திரட்டிய தகவலை ஒழுங்கு நடவடிக்கைக்கோ ஊதியப் பிடித்தத்துக்கோ பயன்படுத்துவது குற்றமாக வேண்டும். எச்சரிக்கை ஒலித்ததும் இயந்திரத்தை நிறுத்தும் பொத்தான், ஊதிய இழப்போ பழிவாங்கலோ இன்றி, அதன்முன் நிற்கும் தொழிலாளியின் கையில் இருக்கவேண்டும்.