திருவிழாவுக்கு மட்டும்தானா ஊர்?

துறைமுக வேலையும் பிள்ளைகளின் படிப்பும் மணப்பாடு, புன்னைக்காயல், வேம்பாறு முதலிய ஊர்களிலிருந்து நம் குடும்பங்கள் பலவற்றைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தன. செப்டம்பர் 14, மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழா என்றால் ஓடுகிறோம், மறுநாளே திரும்பிவிடுகிறோம். அதனால்தான் வாசலில் கால் வைத்ததுமே, "என்னைக்கும்மா புறப்படுவே?" என்று ஆச்சி கேட்கிறார்கள்.

இக்கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அன்று மூழ்கிய இளைஞர்கள் இன்று எண்பதைக் கடந்த தாத்தாக்கள். கச்சான், வாடை, கொண்டல் எனக் காற்றையும், நீவாடு என்னும் நீரோட்டத்தையும் உடம்பாலேயே அறிந்தவர்கள். நாம் கேளாவிட்டால் அந்த அறிவு அவர்களோடு போய்விடும்.

திருவிழா காண ஒருநாள் போதும். ஆச்சி தாத்தாவின் கதை கேட்கப் போதுமா? விடுமுறையில் ஒரு வாரமாவது ஊரில் தங்குவோம். ஆச்சியின் கேள்வி, "மறுபடி என்னைக்கும்மா வருவே?" என்று மாறட்டும்!