கிளிக்குப் பச்சை அடிக்க ஏழாங்கிளாஸ் எதுக்கு?

ஏப்ரல் மாசம் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே தெருமுனை மின்கம்பத்தில் ஃப்ளெக்ஸ் தொங்க ஆரம்பித்துவிடும். 'சம்மர் கேம்ப்', 'கோடைக் கொண்டாட்டம்', '5 வயது முதல் 15 வயது வரை'. ஓவியம், கைவினை, யோகா, அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, கடைசி நாள் சான்றிதழ். பெற்றோரும் 'அப்பாடா, பத்து நாள் வீட்டில் சத்தம் இருக்காது' என்று பணத்தைக் கட்டிவிடுவார்கள். கோயில் மண்டபத்திலும் குடியிருப்போர் சங்கத்திலும் தொண்டு நிறுவனங்களிலும் காசு வாங்காமல் நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் பட்டியல் என்னவோ அதே பட்டியல்தான்.

அந்த '5 முதல் 15 வரை' என்கிற வரியில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது.

அஞ்சு வயசுக் குழந்தைக்கும் பதிமூணு வயசுப் பையனுக்கும் ஒரே ஜமுக்காளம், ஒரே கிரேயான் டப்பா, ஒரே கிளிப் படம். அஞ்சு வயசு சந்தோஷமாகப் பச்சை அடிக்கும். பதிமூணு வயசு? முதல் நாள் அவனும் பச்சை அடிப்பான். ரெண்டாம் நாள் பக்கத்துப் பிள்ளையின் கிளிக்கு மீசை வரைவான். மூணாம் நாள் வரவே மாட்டான். உடனே பெரியவர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதிலுமே ஆர்வம் இல்லை சார், செல்போன்தான் உலகம்.'

ஆர்வம் இல்லாதது யாருக்கு? பையனுக்கா, முகாமுக்குத் திட்டம் போட்டவர்களுக்கா?

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு என்பது ஒரு திரிசங்கு சொர்க்கம். பஸ்ஸில் 12 வயசு தாண்டினால் முழு டிக்கெட். கல்யாண வீட்டில் தண்ணி ஊற்ற, இலை போடக் கூப்பிடுவார்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, கடைக்குப் போகும் பொறுப்பு, ரேஷன் வரிசையில் நிற்கும் பொறுப்பு எல்லாம் இந்த வயசின் தலையில்தான். இவ்வளவையும் நம்பி ஒப்படைக்கிற ஊர், முகாம் என்று வந்தால் மட்டும் அதே பிள்ளையின் கையில் கிரேயானைத் திணிக்கிறது.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் யுனிசெஃப் அமைப்புக்காக எழுதிய ஆய்வில், பிள்ளைகளின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்தார். கீழே இருக்கும் மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்றார். பிள்ளைகளைப் பெரியவர்களின் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது முதல் படி. அலங்காரத்துக்கு நிற்க வைப்பது இரண்டாவது. பேச்சுக்குச் சேர்த்துக்கொள்வது மூன்றாவது. நம்மூர் முகாமின் நிறைவு விழாவை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ஒரே மாதிரித் தொப்பி போட்ட பிள்ளைகள், நடுவில் சிறப்பு விருந்தினர், முக்கால் மணி நேரம் உரை, கடைசியில் குரூப் போட்டோ. இரண்டாம் படியைத் தாண்டியிருக்கிறோமா?

சரி, இது முகாமுக்குள் போன பிள்ளைகளின் கதை. போகாத பிள்ளைகளின் கதை இதைவிட மோசம்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். 14 வயசுக்குக் கீழே இருப்பவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று சொன்ன அதே திருத்தம், ஒரு விலக்கும் கொடுத்தது. ஆபத்தான தொழில்கள் தவிர மற்றவற்றில், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ பிள்ளை தன் குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் உதவலாம். 'விடுமுறை' என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது. ஆக, ஏழாம் வகுப்புப் பிள்ளை மே மாசத்தில் என்ன செய்யும் என்று நாடாளுமன்றம் யோசித்திருக்கிறது. யோசித்து ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது, வேலைக்குப் போகிற கதவை! 'மாமா பட்டறைதானே, லீவுக்குச் சும்மா போய் வரட்டும்' என்று ஆரம்பிக்கிற மே மாசம், சில வீடுகளில் ஜூனிலும் முடிவதில்லை. கையில் நாலு காசு பார்த்துவிட்ட பையனுக்கு எட்டாம் வகுப்பு பெஞ்சு கசக்கும். பெண் பிள்ளை என்றால் கூலிகூடக் கிடையாது. சமையல், பாத்திரம், தங்கச்சி, அவ்வளவுதான் அவளுடைய சம்மர் கேம்ப்.

இன்னொரு கதவு திறந்திருந்தால் இதில் பாதிப் பிள்ளைகளாவது அங்கே போயிருக்குமே என்பதுதான் கேள்வி.

காசு எங்கே என்று கேட்பார்கள். இதற்குப் பெரிய பொருளாதாரம் தேவையில்லை, பி.காம். காஸ்டிங் பாடமே போதும். கல்வி உரிமைச் சட்டம் (2009) ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள் என்கிறது. மீதி 145 நாள் பள்ளிக்கூடக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கட்டடத்துக்கும் மின் இணைப்புக்கும் மைதானத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் செலவு செய்தாகிவிட்டது. பூட்டினாலும் திறந்தாலும் அது நிலையான செலவு. சாயங்காலம் மூன்று மணி நேரம் திறந்து வைக்க ஆகும் கூடுதல் செலவு என்ன? ஒரு காவலர், இரண்டு பொறுப்பாளர்கள், குடிதண்ணீர், கொஞ்சம் சுண்டல். எந்த முதலாளியாவது வருஷத்தில் 145 நாள் மிஷினை நிறுத்தி வைத்துவிட்டு 'உற்பத்தி இல்லையே' என்று புலம்புவானா?

நூலகக் கணக்கும் இப்படித்தான். பொது நூலகத்துக்கென்று இந்தியாவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, 1948-ல். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் கிளை நூலகத்தில் மே மாசம் எத்தனை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள்.

சுண்டல் என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். சோறு பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்து வரும் என்பதை நாட்டுக்கே காட்டிய மாநிலம் இது. 2004-ல் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரச் சொல்லி உத்தரவிட்டது. பசி லீவு எடுப்பதில்லை என்பது நீதிமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது. முகாம் நடத்துகிறவர்கள் கடைசி நாள் ஷீல்டுக்குச் செலவழிக்கும் காசை முதல் நாளிலிருந்தே பயறுக்குச் செலவழித்தால் போதும், கூட்டம் தானாக வரும்.

'எங்க காலத்துல முகாமா இருந்துச்சு? வெயில்ல விளையாடித்தானே வளர்ந்தோம்?' என்பது அடுத்த வாதம். நியாயம்தான். ஆனால் அன்றைக்குத் தெரு இருந்தது. இன்றைக்குத் தெருவில் பைக் நிற்கிறது, காலி மனையில் கம்பி வேலி நிற்கிறது. ஏரி, கிணறு, கல்குவாரி மட்டும் மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் 'குளிக்கச் சென்ற மாணவர்கள் நீரில் மூழ்கி...' என்று செய்தி வருகிறதே, அந்தப் பிள்ளைகளும் வெயிலில் விளையாடப் போனவர்கள்தான். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் பாதுகாப்பான மீட்பு முறையும் கற்றுக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அபாகஸ் தெரியாமல் யாரும் செத்துப்போனதில்லை. நீச்சல் தெரியாமல் செத்துப்போகிறார்கள். எந்த ஃப்ளெக்ஸில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

'அரசாங்கம்தான் நடத்துதே' என்பது இன்னொரு வாதம். நடத்துகிறது, மறுக்கவில்லை. மாவட்ட விளையாட்டு அரங்கில் பயிற்சி முகாம் இருக்கிறது, ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரிலிருந்து 12 வயசுப் பெண்ணைத் தினமும் யார் பஸ் ஏற்றி அனுப்புவார்கள்? நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் அது ஊர் முகாம். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பித்தபோது சாயங்கால நேரத்தில், தெருவிலேயே, தெரிந்த அக்காதான் வந்து சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் பெண் பிள்ளைகளும் வந்தார்கள். தூரம், நேரம், கழிப்பறை, நம்பிக்கையான ஒரு பெண் பொறுப்பாளர். இந்த நாலும் சரியாக இருந்தால் 'வயசுக்கு வந்த பிள்ளையை அனுப்ப மாட்டோம்' என்கிற வீடுகளில் பல வழிக்கு வரும்.

அப்படியானால் முகாமில் என்னதான் செய்வது? இந்த வயசுக்குப் பாடம் சொல்ல வேண்டாம், வேலை கொடுங்கள். கூலிக்கு வேலை இல்லை, ஊருக்கு உண்மையிலேயே தேவைப்படும் வேலை. கிளை நூலகத்தில் கிழிந்த புத்தகத்தை ஒட்டிப் பட்டியல் எடுப்பது. வார்டில் எரியாத தெருவிளக்கை எண்ணுவது. ஊர்க் குளத்துக்குத் தண்ணி வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பெரியவர் ஒருவரோடு நடந்து வரைபடம் போடுவது. எழுபது வயசுப் பாட்டியிடம் ஊர்ச் சந்தையின் கதையைக் கேட்டு எழுதுவது. சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுவது. (கிளி வரையும் பகுதிக்கே பதிமூணு வயசைப் பொறுப்பாகப் போடலாம். மீசை வராது, கேரண்டி! :-))

பிள்ளைகளால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லிருந்து 10 வயசுப் பிள்ளைகளைக்கூடத் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆராய்ந்து கட்டுரை வாசிக்க வைத்திருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களைக் கேட்டால் குளம், குப்பை, சாக்கடை என்று பிள்ளைகள் எடுத்த ஆய்வுகளைக் கதை கதையாகச் சொல்வார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பு 'பாலசபை' என்று பிள்ளைகளுக்குத் தனிச் சபையே வைத்திருக்கிறது. முடியுமா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி.

முகாம் தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து 'என்ன செய்யலாம்?' என்று கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதில் இரண்டையாவது அப்படியே செய்ய வேண்டும். சுண்டல் வாங்கும் கணக்கு நோட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று வாரக் கடைசியில் அவர்களே வாசிக்க வேண்டும். அவர்கள் எடுத்த தெருவிளக்குக் கணக்கைச் சான்றிதழோடு சேர்த்து மடித்து வைத்துவிடாமல் ஆகஸ்ட் 15 கிராம சபையில் அவர்களையே வாசிக்க விட வேண்டும். தலைவர் பதில் சொல்லட்டும். ஒரே ஒரு விளக்கு எரிந்தால் போதும், அடுத்த மே மாசம் அந்தப் பிள்ளை முகாமுக்கு வர ஃப்ளெக்ஸ் தேவையில்லை.

இதற்குப் பெரியவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மைக்கை, நாற்காலியை, 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற நினைப்பை. தடையே காசு இல்லை, இதுதான்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும். வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்குப் பதில் வராது. அப்போது 'பையன் ஏன் வரவில்லை?' என்று கேட்பதற்கு முன்னால், மே மாசம் அவனை யாராவது எதற்காவது கூப்பிட்டோமா என்று ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிஸ்கி: கிளிகள் மேல் யாருக்கும் எந்த விரோதமும் இல்லை.