பூட்டி வைத்த காற்று

1999இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஹெலிகாப்டர் ரம்பம் இரண்டாக அறுத்துப்போட்ட கார் ஞாபகமிருக்கிறதா? அதுதான் பி.எம்.டபிள்யூ. இசட்8. கூரையைத் திறந்துகொண்டு ஓட்டலாம். 2003 வரை மொத்தமே 5,703 கார்கள்தான் செய்தார்கள். அன்று அமெரிக்காவில் விலை சுமார் 1,28,000 டாலர். இன்று நல்ல நிலையில் இருப்பவை 2,00,000 டாலரைத் தாண்டி ஏலம் போகின்றன. கொள்ளை லாபம் என்று குதிக்கிறார்கள் சேகரிப்பாளர்கள்.

கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால், 2000இன் 1,28,000 டாலர் 2024இல் ஏறத்தாழ 2,30,000 டாலருக்குச் சமம். இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் தனி. முதலுக்கே மோசம்!

வேடிக்கை என்னவென்றால், ஓட்டினால் விலை குறையுமென்று ஷெட்டிலேயே பூட்டி வைக்கிறார்கள். காற்று வாங்கச் செய்த காருக்கு இந்தக் கதியா? லாபம் வேண்டுமென்றால் பங்குச்சந்தை இருக்கிறது. காரை ஓட்டுங்கப்பா!