மருத்துவமனை யாருடையது?

பொருநையாறு மலையைவிட்டு இறங்கும் வாயிலில் உள்ளது விக்கிரமசிங்கபுரம். பாவநாச அருவியின் விசையை நம்பி 1880-களில் ஆர்வி உடன்பிறந்தார் அங்கு நூலாலை நிறுவினர். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் அவ்வாலையில் பஞ்சுத்துகளை மூச்சோடு உள்ளிழுத்து நூல் நூற்றனர். மூச்சுநோய் இன்னதென்று அவர்களுக்கு எந்நூலும் கற்பிக்க வேண்டுவதில்லை. அத்தகைய ஊரார் நாடும் மருத்துவமனையை இனி நடத்துவோர் யார் என்னும் வினா எழுந்தால், விடை கூறற்குரியார் யாவர்? நோயுற்று அங்குக் கிடப்பாரா, தொலைவிலிருந்து கையெழுத்திடுவாரா?

1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், மருத்துவச் செலவுக்கெனத் தொழிலாளியின் கூலியிலேயே பங்கு பிடித்தது. 2019 வரை நூற்றுக்கு ஒன்றே முக்கால், அதன்பின் முக்கால். முதலாளி செலுத்தும் பங்கும் உழைப்பில் விளைந்ததே. அவ்வாறு தொழிலாளியின் வியர்வையால் எழுந்த மருத்துவமனைகளைத் தனியாரிடம் உடன்படிக்கை வழி ஒப்படைக்கலாமென்று 2010-இல் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. ஒப்படைக்குமுன் நோயாளியை ஒரு சொல் கேட்டல் வேண்டும் என்று அத்திருத்தம் கூறவில்லை. கழகத்தில் தொழிலாளர் சார்பாளர் பதின்மர் உளரே என்பர் சிலர். அவர்களை அமர்த்துவது நடுவணரசு. பொருநைக்கரை ஆலைத் தொழிலாளி அவர்களுள் ஒருவரையேனும் தன் ஒப்போலையால் தேர்ந்தனுப்பியதுண்டா?

மலைமேலும் இதுவே நிலை. தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவம் அளிக்கும் கடமையை 1951-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின்மேல் ஏற்றியது. 2024-இல் மாஞ்சோலைத் தோட்டத்தைவிட்டு நிறுமம் விலகியது. முதலாளியின் தயவில் தொங்கும் மருத்துவம் முதலாளியோடே மூட்டை கட்டிக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அரசு மருத்துவமனைகளில் மக்கள் பங்குபெற ஏற்பாடு உள்ளதெனக் கூறுவார் காட்டுவது 2005-ஆம் ஆண்டு நடுவணரசின் ஊரக நலவாழ்வு இயக்கத்தால் பரப்பப்பெற்ற ஓர் அமைப்பு. அதன் பெயர் 'உரோகி கல்யாண் சமிதி'. நோயாளிக்குத் திருமணம் முடித்துவைக்கும் மன்றமோ என்று நம் பாட்டிமார் மயங்குவர்! நோயாளர் நல மன்றம் என்று தமிழில் எழுதினால் பிணி பெருகிவிடுமா? பெயரே புரியாத மன்றத்தில் மக்கள் எங்ஙனம் பங்குகொள்வர்? பெயரை விடுங்கள், உள்ளிருப்போர் யாவர்? பெரும்பாலும் அலுவலர், எஞ்சியோர் மக்கள் சார்பாளர் சிலரும் அமர்த்தப்பெற்றோரும். ஊர் தேர்ந்தெடுத்த நோயாளி ஒருவருக்கும் அங்கு இருக்கையில்லை.

2020 சனவரியில் தில்லியின் நிதி ஆயோக்கு, மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு பிணைக்கும் உடன்படிக்கை வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எம்மொழியில்? சட்ட ஆங்கிலத்தில்! படிக்கவியலாத தாளை நீட்டி, நீ வாய்திறக்கவில்லை, ஆகவே உடன்பட்டாய் என்பது கேட்டலாகுமா?

நம் முன்னோர் வேறுவகையில் நடந்தனர். 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனையைக் குறிக்கிறது. மருத்துவர்க்கு எவ்வளவு, அறுவை செய்வார்க்கு எவ்வளவு, நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கு எவ்வளவு என்று அனைத்தும் கோயிற் சுவரில் கல்லில் வெட்டப்பட்டன. (அக்கல்வெட்டிலும் வடசொற்கள் விரவியுள்ளமை வேறு வழக்கு.) அன்று கணக்குச் சுவரிலிருந்தது, இன்று பேழைக்குள் உள்ளது.

மருத்துவம் கற்றாரே அறிவர், மக்கள் என்னறிவர் என்பார்க்கு ஒன்று சொல்வோம். எந்நரம்பை அறுப்பதென்று முடிவுசெய்ய மக்கள் கேட்கவில்லை. இரவில் மருத்துவர் இருக்கின்றாரா, பாம்புக்கடிக்கு மருந்து இருப்பில் உண்டா, எதற்கெடுத்தாலும் திருநெல்வேலிக்குத் துரத்துகின்றனரா என்பவற்றை நோயாளியினும் நன்கறிந்தார் யாவர்?

இதில் சட்டத்தின் ஓரவஞ்சனையும் உண்டு. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை, ஊராட்சிகளுக்குரிய பணிகளுள் மருத்துவமனையைப் பெயர்சுட்டிச் சேர்த்துள்ளது. நகராட்சிகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையோ பொதுநலவாழ்வு என்றதோடு நின்றது. விக்கிரமசிங்கபுரம் நகராட்சி. நகரானமையால் நம் மக்கள் இழந்தது இது! ஆயினும் வாயில் முற்றும் அடைபடவில்லை. 2022 முதல் தமிழக நகரங்களில் 'பகுதி சபா' கூட்டப்பெறுகிறது. பகுதியவை என்றே நாம் வழங்குவோம்.

அன்பர்காள்! அடுத்த பகுதியவையில் இம்முடிவை முன்வையுங்கள்: ஊரார் நாடும் மருத்துவமனையோ ஈட்டுறுதி மருந்தகமோ கைமாறுமுன், உடன்படிக்கை முழுவதும் தமிழில் வாயிற்சுவரில் ஒட்டப்பெறல் வேண்டும், ஒட்டிய தொண்ணூறு நாள் கழித்தே அவை கூடல் வேண்டும், அவை மறுத்தால் கைமாற்றம் நிற்றல் வேண்டும், நலமன்றத்தில் பாதியிடம் ஊரார் தேர்ந்தார்க்கே உரியதாதல் வேண்டும். முடிவின் படி நகர்மன்றத்திற்கொன்றும் மாவட்ட ஆட்சியர்க்கொன்றுமாக அஞ்சலிற் செல்லட்டும். விடை ஆங்கிலத்தில் வருமாயின் அதனைத் திருப்பியனுப்புக.