தெருமொழி யார் வீட்டுச் சொத்து?

நைரோபியின் ஷெங் மொழியைப் பற்றி நான் படித்த புகழுரைகளில் பெரும்பாலானவை ஆண்கள் எழுதியவை. வசவுகளும் அப்படியே. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு பெண் அதே மொழியைப் பேசிக்கொண்டு தினமும் வண்டி ஏறி இறங்குகிறாள் என்பது இருவர் கண்ணிலும் படவில்லை.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்யாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. 2010 அரசியலமைப்பின்படி சுவாஹிலி தேசிய மொழி. சுவாஹிலியும் ஆங்கிலமும் அலுவல் மொழிகள். நைரோபியின் கிழக்கே கலோலேனி, பும்வானி, மகோங்கேனி போன்ற குடியிருப்புகளில் கிகுயு, லுவோ, லுஹ்யா, கம்பா குடும்பங்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் சுவாஹிலி இலக்கணத்துக்குள் ஆங்கிலத்தையும் தத்தம் வீட்டுச் சொற்களையும் போட்டுக் கலக்கியதில் வந்தது ஷெங். அம்மா 'மதே'. இருபது ஷில்லிங் 'ம்பாவ்'. இன்று அதற்கென்றே வானொலி இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களும் அதில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். 2007 தேர்தலுக்குப் பின் இனத்தின் பெயரால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட நாட்டில், 'நீ எந்த இனம்' என்று கேட்காமலே பேச ஒரு மொழி இருப்பது சின்ன விஷயமில்லை. அந்த அளவுக்கு எனக்கும் சம்மதம்.

ஆனால் 'தெருவின் மொழி, எல்லோருக்குமான மொழி' என்கிறபோது எனக்குக் கேள்வி வருகிறது. தெரு யார் கையில் இருக்கிறது?

ஆறு ஆண்டுகள் நைரோபியில் கணக்கு டீச்சராக இருந்தேன். காலையும் மாலையும் மட்டாட்டுப் பயணம்தான். 'டாட்டு' என்றால் மூன்று. கட்டணம் பத்து சென்ட் நாணயம் மூன்றாக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஷெங்கின் பட்டறை இந்த வண்டிதான். ஓட்டுகிறவர் 'டெரே', காசு வாங்குகிறவர் 'கொண்டா', நிறுத்தத்தில் ஆள் பிடித்து ஏற்றுகிறவர் 'மனாம்பா'. பெண் நடத்துநர்களும் இருக்கிறார்கள், ஆனால் கூட்டத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். படம் வரைந்து, விளக்குப் போட்டு, பாட்டு அலறவிட்டு வரும் புது வண்டிக்கு 'மன்யாங்கா' என்று பெயர். பார்க்க லட்சணமான இளம்பெண்ணுக்கும் அதே சொல்தான். இதைச் சொற்பொருள் விரிவு என்பார் மொழியியலாளர். எனக்கு அது விலைப்பட்டியலாகத்தான் கேட்டது.

அடுத்து 'சிப்ஸ் ஃபுங்கா'. ஃபுங்கா என்றால் கட்டு, மூடு. கடையில் உருளைக்கிழங்கு வறுவலைப் பார்சல் கட்டி வாங்கிப்போவது போல, இரவு மதுக்கூடம் மூடும் நேரத்தில் ஆண் ஒருவன் வீட்டுக்குக் கூட்டிப்போகும் பெண்ணுக்கு இந்தப் பெயர். எவ்வளவு சுவையான உருவகம் என்று வியப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பொட்டலம் எங்கேயாவது 'வேண்டாம்' என்று சொல்லுமா? இதே பேச்சில் ஆணுக்கு வைத்த பெயர் 'ஃபிசி', கழுதைப்புலி. 'டீம் மஃபிசி' என்று அவர்கள் தங்களையே பெருமையாக அழைத்துக்கொள்கிறார்கள். வெட்கப்பட வேண்டிய பெயராயிற்றே என்று நினைக்கலாம். இல்லை, வசதியான பெயர் அது. பசித்த மிருகத்தின்மேல் யார் வழக்குப் போடுவார்?

வேடிக்கைப் பேச்சுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் 2014ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த நவம்பரில் நைரோபி நடுநகரின் மட்டாட்டு நிறுத்தத்தில், உடை குட்டையாக இருந்தது என்று சொல்லி ஒரு பெண்ணின் ஆடையை ஆண் கூட்டம் உருவியது. பதிவான காட்சி நாடெங்கும் பரவியது. நவம்பர் 17 அன்று 'என் உடை என் விருப்பம்' என்று பெண்கள் ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், பலவந்தமாக ஆடை களைவதற்குச் சிறை என்று சட்டம் வந்தது. அதே 2014இல் கிதுராய்ப் பகுதிப் பேருந்தில் ஒரு பெண்ணின் ஆடையைக் களைந்து தாக்கிய வழக்கில், 2017இல் ஓட்டுநர், நடத்துநர் உட்பட மூவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். எந்தக் குற்றத்துக்கு? அவளிடம் பறித்த பொருளுக்காக, வன்முறையோடு கூடிய கொள்ளைக்கு. மரண தண்டனையை ஆதரிக்கிறவள் இல்லை நான். ஆனாலும் உடலுக்கும் உடைமைக்கும் நடுவே சட்டம் தராசைப் பிடித்த விதத்தைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு சொல் ஆடையை உருவாது, தெரியும். உருவுகிறவனைச் சுற்றி நின்று சிரிக்கும் கூட்டத்துக்கு முன்கூட்டியே பாடம் எடுத்து வைக்கும். 2024 ஜனவரியில் வாடகை அறைகளில் இளம்பெண்கள் கொல்லப்பட்டபோது, 'அங்கே ஏன் போனாள்?' என்றுதான் முதல் கேள்வி வந்தது. பொட்டலத்துக்கு நியாயம் கேட்க யாருக்கும் தோன்றாது. பெண்கள்தான் ஜனவரி 27 அன்று ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்து கேட்டார்கள்.

அப்படியானால் ஷெங்கை ஒழித்துவிடலாமா? இங்கேதான் மறுகட்சி, தூய்மைவாதிகள், என்னை அணைத்துக்கொள்ள வருகிறார்கள். அவர்களை இன்னும் நன்றாகத் தெரியும் எனக்கு, ஒரே ஆசிரியர் அறையில் டீ குடித்திருக்கிறோம். அங்கே பல பள்ளிகளில் ஷெங்கோ தாய்மொழியோ பேசி மாட்டுகிற பிள்ளையின் கழுத்தில் 'டிஸ்க்' என்று ஒரு கட்டையைத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. பையனிடம் "மதிப்பெண் போய்விடும்டா" என்பார்கள். பெண்ணிடம் "இப்படிப் பேசினால் உன்னை யார் கட்டுவான்?" பையனுக்குத் தேர்வில்தான் நஷ்டம். பெண்ணுக்கு நடத்தையே போய்விடுகிறது.

சரி, அவர்கள் போற்றும் தூய சுவாஹிலிக்குப் போவோம். 'அவன்', 'அவள்' பேதமே இல்லாத மொழி அது. இருவருக்கும் ஒரே சொல். ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால் ஆணுக்கு 'ஓவா', மணக்கிறான். பெண்ணுக்கு 'ஓலெவா', மணக்கப்படுகிறாள். செயப்பாட்டுவினை! பாடநூலே இப்படித்தான் கற்பிக்கிறது. பதினாறு வயது மாணவி ஒருத்தி "நிட்டமுவோவா", அவனை நான் மணப்பேன், என்று சொன்னபோது வகுப்பு சிரித்தது, மொழி ஆசிரியர் திருத்தினார். அவள் "தெரிந்துதான் சார் சொன்னேன்" என்றாள். அன்று கழுத்தில் கட்டை ஏறியது.

ஷெங்கும் அவளுக்குச் சொந்தம்தான். பேரம் பேசும் காய்கறிக்கார 'மாமா ம்போகா'க்கள் பேசுகிறார்கள். 'நெசஸரி நாய்ஸ்' குழுவின் நசீசி ராப் பாட வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று ஃபெமி வன் ஷெங்கிலேயே கொட்டி முழக்குகிறார். காசைக் காட்டி இளம்பெண்களை வளைக்கும் கிழவனைப் பெண்கள் 'முபாபா' என்று சொல்லும்போது அதில் இருக்கும் நக்கலை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவன் பணத்தையும் வயதையும் தொந்தியையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். 'சிப்ஸ் ஃபுங்கா'வை இளைஞர்களின் கற்பனை வளம் என்பவர்களே 'முபாபா'வைப் பெண்பிள்ளைகள் கெட்டுப்போனதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

இனி யாராவது ஷெங் அகராதி தொகுத்தால் மட்டாட்டு நிறுத்தத்தோடு நிற்க வேண்டாம். சந்தைக்கும் சலூனுக்கும் பெண்கள் விடுதிக்கும் போய்க் கேட்கட்டும். 'சிப்ஸ் ஃபுங்கா'வுக்கு எதிரே வெறும் பொருளை மட்டும் போடாமல், யார் சொல்கிறார், யாரைச் சொல்கிறார் என்பதையும் எழுதட்டும். 'ஓவா'வுக்கு எதிரே என் மாணவியின் வாக்கியத்தையும் உதாரணமாகச் சேர்க்கட்டும், 'பிழை' என்ற குறிப்பு இல்லாமல்.