கொம்புக்குப்பியும் குதிரைவாரும்

கி.பி. 568 வாக்கில் இன்றைய ஹங்கேரிச் சமவெளிக்கு வந்து சேர்ந்த அவார்கள் குதிரையோடு பிறந்து குதிரையோடு செத்தவர்கள். அவர்களுடைய கல்லறைகள் பலவற்றில் மனிதனுக்குப் பக்கத்தில் குதிரையும் புதைந்து கிடக்கிறது. இரும்பு அங்கவடியும் கடிவாளமும் கூடவே இருக்கின்றன. சிலவற்றில் மட்டும், வார் நெடுகத் தைத்த வெண்கல வில்லைகளும் வெள்ளி வில்லைகளும் கிடைக்கின்றன. அந்தச் சிலவற்றைத்தான் கவனிக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் குதிரை நிற்கிற ஊரில் குதிரை வைத்திருப்பது என்ன பெருமை? பெரியவீட்டை அடையாளம் காட்டியது குதிரையின் மேல் பூட்டியதுதான்.

தமிழ்நாட்டில் கதை தலைகீழ். இங்கே குதிரை கடல் கடந்து வந்த சரக்கு. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை சீக்கிரமே மடிவதையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிருகம் வெறும் முதுகோடு நின்றாலே அந்தஸ்துதான். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் கல்குதிரைகளில் சேணமும் மணியும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருப்பது உண்மையே. ஆனால் அது அரண்மனைச் சங்கதி, குடியானவனுக்கு எட்டாதது. ஆகவே அவார்களுக்கு இணையைத் தமிழ்நாட்டுக் குதிரையில் தேடுவது வீண். கொங்கு நாட்டுக் காளையில் தேட வேண்டும் என்பது என் கட்சி.

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொரங்காடுகளை நினைத்துப் பாருங்கள். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த இந்த மேட்டுநிலத்தில் சொத்து என்பது பெரும்பாலும் நாலு காலில்தான் நின்றது. காளை எல்லாரிடமும் இருந்தது. செவலையாகப் பிறக்கிற கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறுவது பட்டக்காரர் தொழுவத்திலும் ஒன்றுதான், பண்ணையாள் தொழுவத்திலும் ஒன்றுதான். ஆனால் சவாரி வண்டியில் பூட்டிய சோடியைப் பாருங்கள். வளைந்து மேலே போய்க் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் கொம்புகளின் நுனியில் பித்தளைக் குப்பி, நெற்றியில் நூல் குஞ்சம், கழுத்துத் தோல்வாரில் வரிசையாகச் சலங்கை. வண்டி திரும்புமுன்பே இன்னார் வீட்டு வண்டி என்று சத்தம் சொல்லிவிடும்.

மணி கட்டுவது மாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க, குப்பி போடுவது கொம்பு குத்தாமலிருக்க, இதில் அந்தஸ்து எங்கே வந்தது என்று கேட்கலாம். அதற்கு ஒரு மணி போதும், வரிசைச் சலங்கை எதற்கு? பயனும் பகட்டும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. 600 வாக்கில் எழுதப்பட்ட பைசாந்தியப் போர்நூலான ஸ்ட்ராட்டெகிகான், அவார்களின் குதிரைக் கவசத்தை முன்மாதிரியாகச் சொல்லும் அதே கையோடு, படைவீரன் எவ்வளவு மிடுக்காகத் தெரிகிறானோ அவ்வளவுக்கு எதிரி அஞ்சுவான் என்றும் கணக்குப் போடுகிறது. பொங்கலுக்கு ஏழையும்தானே மாட்டைச் சோடிக்கிறான் என்பது இன்னொரு கேள்வி. சோடிக்கிறான்தான், அது கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை. மாலை மறுநாள் வாடிவிடும், வர்ணமும் நாளடைவில் உதிர்ந்துவிடும். தோல்வாரும் பித்தளையும் அப்படியல்ல.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் சந்தையிலிருந்து வருகிறது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். சலங்கையைப் பார்த்து யாரும் விலை கூட்டுவதில்லை. சரிதான். ஆனால் மாட்டை விற்றாலும் அதன் கயிற்றைக் கொடுக்காத வழக்கம் பல ஊர்களில் உண்டு. மாடு கைமாறும், கட்டியது வீட்டிலேயே தங்கும். அணி மாட்டுக்கு உரியதல்ல, வீட்டுக்கு உரியது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

895 வாக்கில், அவார்கள் இருந்த அதே ஹங்கேரிச் சமவெளிக்கு வந்த மகியார்களிடமும், அணி வீட்டுக்கு உரியது என்பதே தெரிகிறது. அவர்களுடைய வேலைப்பாடு மிகுந்த பூவடிவ வெள்ளி வில்லைகள், பொன்முலாம் பூசிய குதிரைவார் அணிகள், பெரும்பாலும் பெண்களின் கல்லறைகளிலிருந்தே கிடைத்திருக்கின்றன. வாளேந்திய வீரனின் பகட்டு என்று மட்டும் இதைப் படித்துவந்தவர்களுக்கு அது சங்கடம்தான். கொங்கில் அப்படிச் சங்கடப்பட வேண்டியதில்லை: சலங்கை கட்டிய சவாரி வண்டியில் சீருக்கும் நோன்பிக்கும் போனவர்களில் பெண்டுபிள்ளைகள்தான் அதிகம்.