கொல்லையிலேயே காட்டுங்கள்

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. மணிலா (நிலக்கடலை) ஆராய்ச்சிக்குப் பெயர்போன திண்டிவனமும் விருத்தாசலமும் பாகூர் கொம்யூனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு மணிலாவைக் கப்பலேற்றிய துறைமுகமும் புதுச்சேரிதான். ஆக, மல்லாட்டை என்றும் நாம் அழைக்கும் மணிலா இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதைப் பற்றிய அறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை. அந்த அறிவு எந்த நிலத்தில் நிரூபிக்கப்படுகிறது, நிரூபணம் பொய்த்தால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்ற இரண்டு கேள்விகளே மிச்சம். குருவிநத்தம் போன்ற தென்பெண்ணைக் கரையோர ஊர்களில், மழையை மட்டும் நம்பி விதைப்பவரின் கொல்லையிலேயே, ஒரே ஊரில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் செயல்விளக்கத் திடல் நடத்த வேண்டும். மழை ஏமாற்றினால் இழப்பை அரசு ஏற்க வேண்டும்.

மற்றப் பயிர்களைவிட மல்லாட்டைக்குத் திடல் கூடுதலாகத் தேவைப்படக் காரணம் அதன் சுபாவம். நெல்லில் கதிரைப் பார்த்து விளைச்சலை மதிப்பிடலாம். மல்லாட்டையோ மண்ணுக்குள் காய்ப்பது. பூ கருவுற்று விழுது இறங்கியபின், காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியை வேர் வழியாகப் பெறுவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறது. அதனால்தான் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியோரம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஜிப்சம் இட்ட பாத்தியும் இடாத பாத்தியும் மேலே ஒரே பச்சையாகத் தெரியும். பிடுங்கி உதறும்போதுதான் ஒன்றில் திரண்ட காயும் மற்றதில் பொக்கும் கிடக்கும். காசு கொடுத்து மூட்டை வாங்கி, கூலி கொடுத்து இட்டு, கடைசி நாள்வரை கண்ணுக்குப் பலன் தெரியாத ஒன்றை வாய்ச்சொல்லில் நம்பச் சொல்வது நியாயமில்லை. இறவையில் இதை 40 முதல் 45 நாளுக்குள் இடலாம். மானாவாரியில் 40 முதல் 75 நாள்வரை, மண்ணின் ஈரம் பார்த்து இட வேண்டும். அந்த ஈரத்தை எந்தக் கையேடும் காட்டித் தராது.

புதுச்சேரியின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 130 செ.மீ. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. அடுத்து, சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வர, பாகூர்ப் பகுதி வெள்ளக்காடானது. நம் மானாவாரியின் சிக்கல் மழை குறைவு என்பதைவிட, அது எப்போது எப்படிப் பெய்கிறது என்பதே. ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தில் செழித்த திடலைக் காட்டினால், “தண்ணி இருந்தா நாங்களும் எடுப்போம்” என்று மானாவாரி விவசாயி சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது சரிதான்.

1903-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டெரல் என்ற ஊரில் சீமன் நாப் முதல் விவசாயிப் பண்ணைத் திடலைத் தொடங்கியபோது, நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊராரே நிதி திரட்டி வைத்தார்கள். இன்றைய விரிவாக்கப் பணியின் ஊற்றுக்கண் அந்தத் திடல். நாம் முறையை எடுத்துக்கொண்டோம், உத்தரவாதத்தை விட்டுவிட்டோம். விவசாயியின் நிலத்திலேயே காட்டுவதன் பலனுக்கு ஆந்திரத்து அனந்தபூர் சாட்சி. திண்டிவனம் தந்து 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 ரகத்தைவிட்டு அங்குள்ள மானாவாரி விவசாயிகள் பல பத்தாண்டுகள் நகரவில்லை. இக்ரிசாட் நிறுவனம் 2000-களில் அவர்கள் நிலத்திலேயே பல ரகங்களை விதைக்க வைத்து, தேர்வை அவர்களிடமே விட்டது. ஐ.சி.ஜி.வி. 91114 தேர்வானது. வறட்சியைத் தாங்கிக் காய் கூடுதலாகக் கொடுத்ததோடு, மாட்டுக்குக் கொடியும் நிறையக் கொடுத்ததை அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். காய் எடையை மட்டும் குறிக்கும் அட்டவணையில் கொடிக்கு இடமே இருந்திருக்காது.

முன்னிலைச் செயல்விளக்கங்கள் 1990-91 முதல் எண்ணெய் வித்துகளில் நடக்கின்றனவே, இன்னும் என்ன என்று கேட்கலாம். அவற்றின் அமைப்பில்தான் குறை. ஒருவருக்கு ஓர் ஏக்கர், ஒரு பருவம், விதையும் இடுபொருளும் இலவசம். அறிக்கையில் விளைச்சல் கூடியது பதிவாகிவிடும். அடுத்த ஆண்டு தன் காசில் அதே விவசாயி எதைத் தொடர்கிறார், எதைக் கைவிடுகிறார் என்பதே உண்மையான மதிப்பீடு. அதை எடுக்க மூன்றாண்டு வேண்டும். விதை இன்னொரு முட்டுக்கட்டை. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விதைக்கும் இந்தப் பயிரில், ஒன்றுக்குப் பத்து என்ற அளவிலேயே விதை பெருகும். நல்ல ரகம் ஊருக்குள் பரவ வேண்டுமானால், திடலில் விளைந்த காயின் ஒரு பகுதியை விதை விலை கொடுத்து வாங்கி, அக்கம்பக்கத்துக் கொல்லைகளுக்கே உழவர் உதவியகம் தர வேண்டும்.

விளைச்சல் கூடினால் விலை விழும் என்ற அச்சம் கனமானது; அதை நாம் தட்டிக்கழிக்கவில்லை. 2025 மே மாத இறுதியில் கச்சா பாமாயில், சூரியகாந்தி, சோயா எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை மத்திய அரசு 20-இலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. 2025-26-க்கு மணிலாவின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. கொள்முதல் இல்லாவிட்டால் அது காகிதத்தில் நிற்கும் எண். ஆனால், மானாவாரிக்காரருக்கு ஒரு மூட்டை கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஏற்கெனவே செலவழித்த உழவிலிருந்தும் விதையிலிருந்தும்தான். விலை விழும் ஆண்டில் அந்த மூட்டையே அவரைக் கடனிலிருந்து காக்கும். பறிப்புக் கூலிச் சுமையையும் திடலின் வரவு செலவில் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற எண்ணெய் வித்துகளுக்கான தேசிய இயக்கத்துக்கு ஏழாண்டுகளில் 10,103 கோடி ரூபாய். அதில் புதுச்சேரி தன் பங்கைக் கேட்கும்போது, இழப்பீட்டுக்கென ஒரு சிறு தொகையையும் சேர்த்துக் கேட்கட்டும். வயல் விழாவை விருந்தினரின் வசதிக்கு வைக்காமல், செடி பிடுங்கும் நாளில் வைத்து, இரு பாத்திக் காய்களையும் ஊரார் முன் எடை போடட்டும். ஆடிப் பட்டத்துக்கான விதை ஆனியிலேயே பாகூர் உழவர் உதவியகத்துக்கு வந்தாக வேண்டும். முதல் மழையின் ஈரம் காய்ந்தபின் வரும் மூட்டை அந்த ஆண்டுத் திடலுக்கு உதவாது.